போதாது, கிடைக்காது, இல்லை: குறையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

போளூர், பூண்டி, கிளாவரை, கவுஞ்சி, மன்னவனூர் என்று கொடைக்கானல் மேல்மலையில் குடியிருக்கிற ஒருவருக்கு ஆங்கிலம் எப்போது கட்டாயம் தேவைப்படுகிறது? யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று குறைந்துபோகிற நேரத்தில்தான். பூண்டு வாங்கிய வியாபாரி கொடுத்த காசோலை திரும்பினால், வங்கி தருகிற சீட்டில் காரணம் ஆங்கிலத்தில் இருக்கும். பயிர்க் காப்பீட்டு விதிகள், இரத்தப் பரிசோதனைத் தாள், பிள்ளைக்கு வருகை நாட்கள் போதவில்லை என்று வெளியூர்க் கல்லூரியிலிருந்து வருகிற கடிதம், நீதிமன்ற உத்தரவின் கடைசிப் பத்தி, எல்லாமே குறையைத்தான் பேசுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சொல்லால் பேசுகிறது.

தமிழில் நாம் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. யூரியாவுக்குத் தட்டுப்பாடு என்போம். உடம்பில் இரும்புச்சத்துக்குத் தட்டுப்பாடு என்று யாரும் சொல்வதில்லை. பஞ்சம், பற்றாக்குறை, குறைபாடு, போதாமை எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும் ‘ஷார்ட்டேஜ்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். படிப்பவருக்கு அர்த்தம் புரிந்துவிடும். ஆனால் நாம் என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பது மங்கிப்போகும். குறையைச் சொல்கிற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் அதற்கான பரிகாரத்தையும் கையோடு கொண்டுவருகிறது. சொல் மாறினால் கேட்கிற பரிகாரமும் மாறிவிடும். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

தொடங்குமுன் ஒன்று. திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதுகிறீர்கள் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்தான் இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்ற எண்ணம் தவறு. வங்கியின் தலைமை அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், மத்திய அரசுத் துறை, வெளிமாநில வியாபாரி ஆகியோருக்கு எழுதும்போதும், அவர்கள் எழுதியதைப் படிக்கும்போதும்தான் கீழே வருவது உதவும்.

ஷார்ட்டேஜும் ஸ்கேர்சிட்டியும்

முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்வோம். ஷார்ட்டேஜ் என்பது இந்த இடத்தில், இந்த நேரத்தில், தேவைக்கு ஏற்ற அளவு வந்து சேரவில்லை என்பது. விதை உருளைக்கிழங்கு நடவு நேரத்தில் கிடைக்கவில்லை, பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைவு, சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லை. அனுப்ப வேண்டியவர் அனுப்பினால் ஷார்ட்டேஜ் தீர்ந்துவிடும். ஸ்கேர்சிட்டி அப்படியில்லை. அந்தப் பொருளே உலகத்திலோ வட்டாரத்திலோ தேவையைவிடக் குறைவாக இருக்கிறது, எல்லோரும் அதைப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அதன் பொருள். பொருளாதாரப் பாடத்தில் இந்தச் சொல் அடிக்கடி வருவதற்கு லயோனல் ராபின்ஸ் 1932-ல் எழுதிய நூல் ஒரு காரணம். அளவுக்கு உட்பட்ட வழிகளை அளவற்ற தேவைகளுக்குப் பங்கிடுவதை ஆராய்வதே பொருளாதாரம் என்று அவர் வரையறுத்தார்.

குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நீரியலில் வாட்டர் ஸ்கேர்சிட்டி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த மாலின் ஃபால்கன்மார்க் கொடுத்த அளவுகோலின்படி, ஒரு வட்டாரத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே நன்னீர் இருந்தால் நெருக்கடி. 1,000 கன மீட்டருக்குக் கீழே போனால் ஸ்கேர்சிட்டி. விவசாயம், தொழில் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக் குழாய்க்கு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் சுமார் 20 கன மீட்டர்தான் வரும். ஓடையும் மழையும் உள்ள மலைக் கிராமத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், அதை ஸ்கேர்சிட்டி என்று எழுதாதீர்கள். எழுதினால், இயற்கை கைவிட்டுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று நீங்களே ஒப்புக்கொடுத்ததாகிவிடும். ஷார்ட்டேஜ் என்றோ, இன்அடிக்வட் சப்ளை, அதாவது போதிய அளவில் வழங்கல் இல்லை என்றோ எழுதுங்கள். மோட்டார், குழாய், தொட்டி, பராமரிப்பு ஆகியவற்றின் மேல் கவனம் திரும்பும். ஓடையே வற்றி, மேலும் கீழுமுள்ள எல்லா ஊர்களும் தவிக்கிற கோடையில் ஸ்கேர்சிட்டி என்று எழுதலாம். அப்போது அந்தச் சொல் உண்மை.

ஸ்கேர்ஸ் என்பதையும் ரேர், அதாவது அரியது, என்பதையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. குறிஞ்சி ரேர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது அதன் இயல்பு. 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அது குறைவாக இருப்பதால் யாருக்கும் அன்றாட வேலை தடைபடுவதில்லை. தேவை இருந்து, அந்தத் தேவைக்குக் கிடைக்காமல் போகிறபோதுதான் ஸ்கேர்ஸ் வரும். வரத்து குறைந்த மாதத்தில் மலைப்பூண்டு ஸ்கேர்ஸ் ஆகிவிடும். எந்த மாதத்திலும் அதை ரேர் என்று சொல்ல முடியாது. உச்சரிப்பு: ‘சேர்’ என்று நாற்காலியைச் சொல்வோமே, அந்த ஏகார ஒலிதான் ஸ்கேர்ஸ் என்பதிலும் வருகிறது. ஸ்கார்ஸ் என்று சொன்னால் தழும்புகள் என்று ஆகிவிடும்.

இந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு கனமான வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தை நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதை ஒட்டி 1883-ல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பின் முதல் வடிவம் வந்தது. ஸ்கேர்சிட்டி ஒரு நிலை, ஃபாமின், அதாவது பஞ்சம், அதைவிட மோசமான நிலை என்று அரசு நிர்வாகம் அன்று பிரித்துவைத்தது. ஃபாமின் என்று அறிவித்துவிட்டால் நிவாரணத்தை முழு அளவில் தொடங்கியாக வேண்டும். ஸ்கேர்சிட்டி என்றால் அவ்வளவு கட்டாயம் இல்லை. ஆகவே எந்தச் சொல்லை எழுதுவது என்பது சோற்றுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்த முடிவு. சுதந்திரத்துக்குப் பிறகும் இது முடியவில்லை. மகாராஷ்டிரத்தில் 1963-ல் ஃபாமின் என்ற சொல்லைச் சட்டங்களிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்கேர்சிட்டி என்று போடுவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். சட்டப் புத்தகத்தில் பஞ்சம் ஒழிந்தது. பத்து ஆண்டுக்குள், 1972-73-ல், அதே மாநிலம் கொடிய வறட்சியில் சிக்கி லட்சக்கணக்கானவர்கள் நிவாரண வேலைக்கு வரிசையில் நின்றார்கள். மாற்றியமைத்த சொல் அவர்கள் வயிற்றை நிரப்பவில்லை.

அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அவர், உணவு இருக்கிற நாட்டிலும் அதை வாங்கும் வழியில்லாதவர்கள் பட்டினியால் சாகலாம் என்று நிறுவினார். கடையில் அரிசி இருக்கிறது, நம் கையில் காசு இல்லை என்றால் அது ஸ்கேர்சிட்டி ஆகாது. எழுதுமுன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

கணக்குக் காட்டும் சொற்கள்: டெஃபிசிட், ஷார்ட்ஃபால்

இருக்க வேண்டிய அளவு ஒன்று முன்கூட்டியே தெரிந்திருந்து, அதிலிருந்து எவ்வளவு குறைகிறது என்று கழித்துச் சொல்ல முடிந்தால் இந்த இரண்டு சொற்களும் பொருந்தும். எண் இல்லாமல் டெஃபிசிட் என்று எழுதினால் அது வெறும் புலம்பல்.

வானிலைச் செய்தியில் இது தினமும் வருகிறது. இந்திய வானிலைத் துறை மழையைச் சராசரியோடு ஒப்பிட்டு வகைப்படுத்துகிறது. சராசரியைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் நார்மல். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் டெஃபிஷன்ட். 60-லிருந்து 99 வரை லார்ஜ் டெஃபிஷன்ட். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திண்டுக்கல் மாவட்டம் நார்மல் என்று செய்தியில் கேட்டுவிட்டு, எங்கள் மலையில் மழையே இல்லையே என்று பலர் குமுறுவது எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். 18 சதவீதம் குறைந்திருந்தாலும் அவர்கள் கணக்கில் நார்மல்தான். மாவட்டச் சராசரியில் மலையும் சமவெளியும் கலந்திருக்கும். 2016-லிருந்து நாடு முழுவதற்குமான கணக்கில் வறட்சி ஆண்டு என்ற பெயரை அத்துறை கைவிட்டுவிட்டு டெஃபிஷன்ட் இயர் என்று சொல்லத் தொடங்கியது. வறட்சி என்று அறிவிக்கும் பொறுப்பு மாநில அரசிடம் இருக்கிறது. நிவாரணம் கேட்டு எழுதும்போது வானிலைத் துறையின் டெஃபிஷன்ட் என்ற வகையைச் சான்றாக வையுங்கள். உங்கள் கோரிக்கை மட்டும் ட்ராட், அதாவது வறட்சி, என்ற சொல்லில் இருக்கட்டும்.

ஷார்ட்ஃபால் என்பது எதிர்பார்த்த இலக்கை எட்டாமல் நின்ற தூரம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரிஃப் பருவத்தில் தொடங்கியபோதிலிருந்து இந்தச் சொல் விவசாயிக்கு முக்கியமாகிவிட்டது. உங்கள் பகுதிக்கு ஒரு வரம்பு விளைச்சலை முன்பே வைத்திருப்பார்கள். அறுவடைச் சோதனையில் கிடைத்த விளைச்சல் அதைவிடக் குறைந்தால், குறைந்த அளவை வரம்பால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்குவார்கள். வரம்பு 1,000 கிலோ, கிடைத்தது 700 கிலோ என்றால் ஷார்ட்ஃபால் 300 கிலோ. தொகையில் முப்பது சதவீதம் வரும். இந்தக் கணக்கு உங்கள் ஒரு தோட்டத்துக்குத் தனியாகப் போடுவதில்லை, அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் போடுவது. ‘மை லாஸ்’, அதாவது என் நஷ்டம், என்று எழுதிக் கேட்டுப் பதில் வராமல் போவதற்கு இதுதான் காரணம். ஆலங்கட்டி, நிலச்சரிவு போன்ற தனி இடச் சேதங்களுக்கு வேறு விதி. 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும்.

பட்ஜெட் செய்தியில் வரும் ஃபிஸ்கல் டெஃபிசிட், பத்திரப் பதிவில் வரும் டெஃபிசிட் ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் இதே குடும்பம்தான். வேண்டிய தொகையில் வந்தது போக மீதி.

டெஃபிஷன்சி: உள்ளே இருக்கும் குறை

டெஃபிசிட் என்பதற்கு முதல் அசையில் அழுத்தம். டெஃபிஷன்சி என்பதற்கு இரண்டாவது அசையில். ஒலியில் நெருங்கிய உறவுக்காரர்கள், வேலையில் வேறு. ஒரு உடம்பிலோ, பயிரிலோ, சேவையிலோ இருந்தே ஆக வேண்டிய ஒன்று உள்ளுக்குள் குறைவதே டெஃபிஷன்சி. தமிழில் குறைபாடு என்கிறோமே, அதற்கு மிக நெருக்கம்.

மேல்மலை விவசாயிக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. மழை அடித்துச் செல்லும் புளிப்பு மண்ணில் சில சத்துகள் நிற்பதில்லை. உருளைக்கிழங்கின் முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் மெக்னீசியம் டெஃபிஷன்சி. நரம்பும் சேர்ந்து முதிர்ந்த இலை முழுக்க வெளிறினால் நைட்ரஜன். நுனியிலுள்ள இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. காலிஃபிளவர் பூ பழுப்பேறி, தண்டுக்குள் பொந்து விழுந்தால் போரான். உரக்கடையில் சும்மா ‘சத்து இல்லை’ என்றால் கையில் எது இருக்கிறதோ அதைத் தருவார்கள். எந்த இலை, எந்த இடம் என்று பார்த்துச் சொன்னால் எந்த டெஃபிஷன்சி என்பதும் தெளிவாகும், காசும் மிஞ்சும்.

உடம்புக்கும் இதே சொல்தான். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழேயும், மற்றப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழேயும் இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இரத்தசோகை. அறிக்கையில் அயர்ன் டெஃபிஷன்சி என்று இருந்தால் காரணம் இரும்புச்சத்து. வைட்டமின் டி அறிக்கையில் மட்டும் சில ஆய்வகங்கள் இரண்டு படிகள் வைக்கின்றன: 20-க்குக் கீழே டெஃபிஷன்ட், 20-க்கும் 30-க்கும் நடுவே இன்சஃபிஷன்ட். இரண்டாவது, போதிய அளவில் இல்லை என்ற இலேசான எச்சரிக்கை. முதலாவது, குறைபாடு என்ற முடிவு. மலை மண்ணிலிருந்து அயோடினை மழை கழுவிக் கொண்டுபோய்விடுவதால் கழுத்துக்கழலை மலை வட்டாரங்களில் அதிகம் இருந்தது. 1962-ல் தொடங்கிய தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992-ல் அயோடின் டெஃபிஷன்சி என்ற சொல்லைத் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. கழுத்தில் தெரிகிற வீக்கம் மட்டுமே நோயில்லை, பிள்ளையின் மூளை வளர்ச்சி வரை அந்தக் குறை போகிறது என்பதை ஒத்துக்கொண்ட மாற்றம் அது.

மூன்றாவது இடம் சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் டெஃபிஷன்சி என்பது வரையறுக்கப்பட்ட சொல். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் தரம், தன்மை, செய்த விதம் ஆகியவற்றில் ஏற்படும் குறையை அது குறிக்கிறது. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘பேட் சர்வீஸ்’ என்று எழுதுவது கோபம். ‘டெஃபிஷன்சி இன் சர்வீஸ்’ என்று எழுதுவது வழக்கின் முதல் வரி; படிக்கிற அதிகாரிக்கு அது உடனே தெரியும். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. புகாருக்கான காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

இன்சஃபிஷன்ட், இன்அடிக்வட்

இன்சஃபிஷன்ட் அளவைப் பேசும். இன்அடிக்வட் அளவோடு தகுதியையும் பேசும். ஒரே ஒரு மின்விளக்கு மட்டும் எரிகிற வகுப்பறையில் வெளிச்சம் இன்சஃபிஷன்ட். கழிப்பறை இருந்தும் கதவும் தண்ணீரும் இல்லையென்றால் அந்த வசதி இன்அடிக்வட்.

தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியாக ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராமளவு தானியமும் சிறிது காசும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் நிர்ணயித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் அதை எதிர்த்தார். கல் உடைத்து மண் சுமக்கிற உடம்புக்கு அந்த அளவு போதாது என்பதை மருத்துவக் கணக்கோடு எடுத்துவைத்தார். போதாது என்று சொல்ல விரும்புகிற யாரும் அவர் முறையைப் பின்பற்றலாம். எதற்குப் போதாது, எவ்வளவு இருந்தால் போதும், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வங்கிச் சீட்டில் வரும் ஃபண்ட்ஸ் இன்சஃபிஷன்ட் என்ற இரண்டு சொற்களை எல்லா விவசாயியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காசோலை கொடுத்தவர் கணக்கில் பணம் போதவில்லை என்பது பொருள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இதைக் குற்றமாக்குகிறது. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சீட்டு கையில் கிடைத்த 30 நாளுக்குள் கொடுத்தவருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது அவருக்குக் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அடுத்த வாரம் தருகிறேன் என்று வியாபாரி சொல்லச் சொல்ல நாட்கள் ஓடிவிடும். சீட்டு வந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

லேக், வான்ட்

லேக் என்றால் அறவே இல்லாமை, அல்லது இல்லாததற்குச் சமமான நிலை. கொடைக்கானல் ஏரியைக் குறிக்கும் லேக் வேறு. இதன் ஒலி ‘பேங்க்’ என்பதில் வரும் குறுகிய ஒலி. பெயராக வந்தால் பின்னால் ‘ஆஃப்’ வரும்: லேக் ஆஃப் ரோட்ஸ். வினையாக வந்தால் வராது: அவர் வில்லேஜ் லேக்ஸ் அ ரோட். ‘லேக்ஸ் ஆஃப்’ என்று வினையோடு ஒட்டுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. இன்னொரு எச்சரிக்கை: பாதி இருக்கிறபோது லேக் என்று எழுதினால், பதில் எழுதுகிறவர் ‘வசதி இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். சாலை இருந்து குண்டும் குழியுமாக இருந்தால் அது லேக் இல்லை, இன்அடிக்வட்.

வான்ட் என்பதை வேண்டும் என்ற ஒரே அர்த்தத்தில்தான் பள்ளியில் படித்திருப்போம். இல்லாமை என்பது அதன் பழைய பொருள், நீதிமன்றத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘ஃபார் வான்ட் ஆஃப் எவிடன்ஸ்’ என்று உத்தரவில் இருந்தால் சாட்சியம் இல்லாததால் என்று பொருள். சாட்சியம் வேண்டும் என்று கேட்கிறார்கள் என நினைத்து ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டாம். வழக்கு முடிந்துவிட்டது, அடுத்த வழி மேல்முறையீடுதான்.

வேகன்சியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருந்தால்தான் வேகன்சி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். பிள்ளைகள் 70 பேர் இருந்து, பணியிடமே இரண்டுதான் அனுமதித்திருந்தால், அங்கே வேகன்சி இல்லை. ஆனால் ஷார்ட்டேஜ் இருக்கிறது. காலிப் பணியிடத்தை நிரப்புங்கள் என்று கேட்டால் காலியே இல்லை என்று பதில் வரும். கூடுதல் பணியிடம் அனுமதியுங்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

ஒற்றை எழுத்து செய்யும் வேலை

ஃபியூ என்றால் மிகச் சில, போதாது. அ ஃபியூ என்றால் சில உண்டு, பரவாயில்லை. லிட்டில், அ லிட்டில் என்பவையும் இப்படியே. ஃபியூ எண்ணக்கூடியதற்கு, லிட்டில் அளக்கக்கூடியதற்கு. ‘அ ஃபியூ பஸஸ் கம் டு அவர் வில்லேஜ்’ என்று எழுதினால், எங்கள் ஊருக்குச் சில பஸ்கள் வருகின்றன என்று திருப்தியோடு சொன்னதாகிவிடும். முன்னாலிருக்கும் அந்த ‘அ’ என்ற எழுத்தை எடுத்துவிட்டால்தான் அது குறை. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். போட்டித் தேர்வுகளில் தவறாமல் கேட்கிறார்கள்.

ஸ்கேர்ஸ்லி, ஹார்ட்லி இரண்டுக்குள்ளும் இல்லை என்பது ஏற்கெனவே இருக்கிறது. கூடவே ‘நாட்’ சேர்க்கக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மீகர் என்பது சொற்பமான கூலிக்கும் வருமானத்துக்கும். பால்ட்ரி என்பதும் சொற்பம்தான், ஆனால் கொடுத்தவரை அவமதிக்கும் தொனி அதில் உண்டு. நஷ்டஈடு பேசும் கடிதத்தில் முதல் தடவையே போட வேண்டாம். ஸ்பார்ஸ் என்பது பரவலாக, இடைவெளி விட்டு இருப்பது. மேல்மலையில் மக்கள்தொகை ஸ்பார்ஸ் என்றால் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று பொருள், குற்றம் சொல்வதாகாது. ஸ்கான்ட்டி மழைக்கும் ஆடைக்கும். பாசிட்டி அலுவலகக் கோப்புகளின் செல்லச் சொல். ‘பாசிட்டி ஆஃப் ஃபண்ட்ஸ்’ என்று பதில் வந்தால் நிதி இல்லை என்று கைவிரித்திருக்கிறார்கள். எந்த நிதியாண்டின், எந்தத் தலைப்பின் கீழ் நிதி இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

டெர்த் என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டியர்த் என்று படிக்காதீர்கள், டெர்த் என்பதே சரி. விலை அதிகம் என்ற பொருளுள்ள டியர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வரத்து குறையும், விலை ஏறும். நாம் கிராக்கி என்று சொல்வதற்குள்ளும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் டெர்த் பொருட்களைவிட ஆட்களுக்கும் கருத்துகளுக்குமே அதிகம் வருகிறது: நல்ல ஆசிரியர்களுக்கு டெர்த், வேலைவாய்ப்புக்கு டெர்த்.

ஒரு கடிதத்தைச் செப்பனிடுவோம்

ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘தேர் இஸ் வாட்டர் ஸ்கேர்சிட்டி இன் அவர் வில்லேஜ். வி ஆர் லேக்ஸ் ஆஃப் வாட்டர். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’ மூன்று வரியிலும் ஒரு எண்ணோ ஒரு தேதியோ இல்லை. ‘ஆர் லேக்ஸ் ஆஃப்’ என்பதில் பிழை. கடைசி வரி, என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது.

அதையே இப்படி மாற்றலாம்: ‘த டாப் சப்ளை டு அவர் ஸ்ட்ரீட் இஸ் இன்அடிக்வட். ஈச் பர்சன் கெட்ஸ் அபவுட் 25 லிட்டர்ஸ் அ டே. த நார்ம் இஸ் 55 லிட்டர்ஸ். த ஷார்ட்ஃபால் இஸ் 30 லிட்டர்ஸ். ப்ளீஸ் ரிப்பேர் த பம்ப் அண்ட் டெல் அஸ் த டேட்.’ எங்கள் தெருவுக்குக் குழாய் வழங்கல் போதிய அளவில் இல்லை, ஆளுக்குக் கிடைப்பது இவ்வளவு, கிடைக்க வேண்டியது இவ்வளவு, குறைவது இவ்வளவு, பம்பைச் சரிசெய்து எப்போது முடியும் என்று தேதி சொல்லுங்கள். எல்லாம் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம். 25 என்ற எண்ணுக்குப் பதிலாக நீங்கள் குடத்தால் அளந்த உண்மையான எண்ணை எழுதுங்கள். ஒரு வாரம் அளந்து நோட்டில் குறித்துவைத்தால் யாரும் மறுக்க முடியாது.

கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைத்தால் இன்னும் பலம். தமிழ்நாட்டில் இப்போது குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அளந்த கணக்கோடு அன்று போய் உட்காருங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி, அதை இணைத்து மேலே அனுப்புங்கள். அனுப்புகிற கடிதம் எதுவானாலும் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். தபாலில் அனுப்பினால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்.